அழக்கூடாத வேலைகள்

உழைப்பு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று உடலுழைப்பு, மற்றது மூளையுழைப்பு. முன்னதற்கு நாட்கூலி, பின்னதற்கு மாதச் சம்பளம் என்று ஒரு கணக்கும் வைத்திருக்கிறோம். ஆனால் இவ்விரண்டிலும் முழுமையாக அடங்காத மூன்றாவது உழைப்பு ஒன்றுண்டு. தன் முகத்தையும் குரலையும் மனத்தையும் பிறரின் தேவைக்கேற்ப ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் உழைப்பு அது. வைத்தியசாலை விடுதியில் நிற்கும் தாதியும், வங்கியின் கருமபீடத்தில் இருக்கும் இளம்பெண்ணும், தொலைபேசியில் முறைப்பாடு கேட்கும் ஊழியரும், வகுப்பறை ஆசிரியரும், மரணவீட்டு வாசலில் குறிப்புப் புத்தகத்துடன் நிற்கும் நிருபரும் நாள்தோறும் இதனைச் செய்கிறார்கள். சம்பளப் பட்டியலில் இதற்கென ஒரு வரி கிடையாது. நியமனக் கடிதத்திலும் இது எழுதப்படுவதில்லை. ஆனால் இதனைச் செய்யத் தவறுபவரை எந்த நிறுவனமும் நீண்டகாலம் வைத்திருப்பதில்லை.

இவ்வுழைப்புக்கு ஒரு பெயர் கொடுத்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷைல்ட். 1983 இல் அவர் வெளியிட்ட நூலில் டெல்ரா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து, அவர்கள் செய்வதை 'உணர்ச்சி உழைப்பு' என்று அழைத்தார். விமானத்தின் உட்புறத்தைத் தம் வீட்டு வரவேற்பறையாகவும், பயணிகளைத் தாமே அழைத்த விருந்தினராகவும் எண்ணிக்கொள்ளும்படி அப்பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. சீறி விழும் பயணியைப் பயந்துபோன குழந்தையாக நினைத்துப் பார்க்கும்படி கற்பிக்கப்பட்டது. அதே நூலில் கடன் அறவிடுவோரையும் அவர் ஆராய்ந்தார். அவர்களுக்கோ நேரெதிர்ப் பயிற்சி. இரக்கம் தோன்றினால் அதை அடக்கி, சினத்தையும் சந்தேகத்தையும் முகத்தில் வைத்திருக்க வேண்டும். ஒருவருக்குப் புன்னகை கட்டாயம். மற்றவருக்குக் கடுமை கட்டாயம். இருவரும் விற்பது தம் முகத்தைத்தான்.

நமது இலக்கண மரபில் வந்தவர்களுக்கு இது ஒரு விசித்திரமான நிலைமையாகத் தோன்றும். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளத்தில் எழுந்த உணர்ச்சி தானாகவே உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு. உள்ளம் முன்னே, மெய் பின்னே. இன்றைய அலுவலகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. மெய் முதலில் சிரிக்க வேண்டும். உள்ளம் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பாதகமில்லை. ஹொக்ஷைல்ட் இதனை மேற்பரப்பு நடிப்பு என்றும், உள்ளத்தையே வற்புறுத்தி அவ்வுணர்ச்சியை வரவழைப்பதை ஆழ்நடிப்பு என்றும் பிரித்துக் காட்டினார். இப்பிரிவு வெறும் சொல் விளையாட்டு அன்று. இத்துறையில் மூன்று தசாப்தங்களாக நடந்த 95 ஆய்வுகளைத் தொகுத்து 2011 இல் வெளியான ஒரு மீளாய்வு, உள்ளொன்றும் புறமொன்றுமாக நடித்து நிற்பவர்களிடமே களைப்பும் மன உளைச்சலும் கூடுதலாகக் காணப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. ஆகவே வருத்துவது உணர்ச்சி மட்டுமன்று. உள்ளுக்கும் வெளிக்கும் இடையே நாள்தோறும் கட்டவேண்டியிருக்கும் அந்தச் சுவரும்தான்.

தூரத்து உதாரணங்கள் போதும். எனக்குத் தெரிந்த தொழிலுக்கு வருகிறேன்.

பத்திரிகை அலுவலகம் என்றால் ஆசிரியரையும் நிருபரையும் வாசகர்கள் அறிவார்கள். மரண அறிவித்தல் ஏற்கும் கருமபீடத்தில் இருப்பவரை எவரும் அறியார். அவர் முன்னால் வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்துக்கு முன்னர் தாயையோ, கணவனையோ, பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள். அவர்கள் தரும் கைப்பிரதியை அவர் திருத்த வேண்டும். 'அன்னாரின்' பிறப்பிடமும் வதிவிடமும் சரிதானா என்று கேட்க வேண்டும். மூத்த மருமகனின் பெயர் விடுபட்டுவிட்டால் அந்தக் குடும்பத்தில் பத்து வருடத்துக்குக் கதையில்லை என்பது அவருக்குத் தெரியும்; எனவே பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது எதிரில் நிற்பவர் குலுங்கி அழுவார். அழுது முடிக்கும்வரை காத்திருந்து, அளவைக் கணக்கிட்டு, கட்டணம் இவ்வளவு என்று சொல்ல வேண்டும். பின்னால் அடுத்தவர் நிற்பார். ஒரு நாளில் இப்படி எத்தனை பேர்! இந்த மனிதருக்கு மாலையில் எந்த வீட்டு முகத்துடன் திரும்பிப் போக முடிகிறது என்று எந்த நிர்வாகமாவது கேட்டதாக நான் அறியேன். அவருடைய பதவிப் பெயர் விளம்பரப் பிரிவு எழுதுநர். வேலை விபரத்தில் இருப்பது தட்டச்சும் பணம் பெறுதலும் மட்டுமே.

நிருபரின் நிலை இன்னொரு விதம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இத்தொழிலுக்கு வந்தபோது புதியவருக்குக் கற்பிக்கப்பட்ட முதற் பாடங்களுள் ஒன்று, இறந்தவரின் படத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்பது. தாயிடம் கேட்காதே, சித்தப்பா முறையான ஒருவரைப் பார்த்துக் கேள். அடையாள அட்டைப் படமாக இருந்தாலும் பரவாயில்லை. மற்றப் பத்திரிகைக்காரன் வருவதற்கு முன்னர் கேள். அலுவலகத்துக்குத் திரும்பியதும் செய்தி ஆசிரியர் கேட்கும் முதற் கேள்வியும் அதுவாகவே இருக்கும்: "படம் கிடைச்சுதா?" இதிலே எவரையும் கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் செய்தி ஆசிரியரும் அதே பாடத்தைப் படித்து வந்தவர்தான். ஆனால் அந்த வீட்டில் கண்டதை இறக்கி வைக்க அந்த இளைஞனுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அந்தப் பாடத்திட்டத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த உளமருத்துவர் அன்ரனி பைன்ஸ்ரைனும் அவருடைய சகாக்களும் போர்முனைச் செய்தியாளர் 140 பேரையும், போரைக் காணாத ஊடகவியலாளர் 107 பேரையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2002 இல் வெளியானது. போர்ச் செய்தியாளரில் 28.6 சதவீதமானோர் வாழ்நாளில் எப்போதாவது நெருக்கீட்டுப் பிற்பட்ட மனவடு நோய்க்கு ஆளாகியிருந்தனர். கடும் மனச்சோர்வு 21.4 சதவீதம். மதுப் பழக்கமும் மற்றவர்களைவிட அதிகம். இவற்றைவிட என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு முடிவு: இவ்வளவு பாதிப்பு இருந்தும், இவர்கள் சிகிச்சை பெற்ற வீதம் மற்றவர்களைவிட உயர்ந்திருக்கவில்லை. நோய் கூட, மருந்து கூடவில்லை. தாங்கிக்கொள்வதே தொழில் தர்மம் என்று அவர்களும் நம்பியிருந்தார்கள் போலும்.

அந்த ஆய்வுக்கு உட்பட்டவர்கள் சர்வதேச நிறுவனங்களுக்காகப் பணிபுரிந்தவர்கள். போர் அவர்களுக்கு ஒரு பயணம். முடிந்ததும் திரும்பிச் செல்ல இலண்டனோ நியூயோர்க்கோ இருந்தது. எமது பிரதேச நிருபருக்கு அப்படியொரு வேற்றூர் இருக்கவில்லை. ஷெல் விழுந்த வீட்டைப் பற்றி அவர் எழுதிய செய்தியில் இறந்தவர் அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணராக இருக்கக்கூடும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சடலங்களை எண்ணி எழுதியவர்களில் தம் சொந்தங்களைத் தேடிக்கொண்டே எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பனவு பெற்றவர்கள். எழுதாத நாளுக்குக் காசில்லை. மனம் உடைந்து ஒரு கிழமை வீட்டில் இருந்தால் அந்தக் கிழமைக்கு அடுப்பில்லை.

எமது சமூகத்தில் துக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. செத்தவீட்டில் ஒப்பாரி உண்டு. எட்டுச் செலவு உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி உண்டு. அயலவர் சமைத்துக் கொண்டுவந்து தருவார்கள். அழவேண்டியவர் அழுது, உறவினர் கூடி, நாட்கள் எண்ணப்பட்டு, பின்னர் மெல்ல வழமை வாழ்வுக்குத் திரும்புவதற்கான வழியை நம் முன்னோர் அமைத்து வைத்திருந்தார்கள். ஆனால் இந்த ஒழுங்கு உறவினருக்கானது. தொழிலின் நிமித்தம் மரணத்தருகே நிற்பவருக்கு அங்கு இடமில்லை. விடுதியில் ஒரு குழந்தை இறந்தால் தாய் அழலாம்; தாதி அழக்கூடாது. அவர் கட்டிலைத் துப்புரவாக்கி அடுத்த குழந்தையை ஏற்க வேண்டும். அன்றாடம் மரணவீட்டுக்குப் போயும் ஒரு நாளேனும் துக்கம் காக்காத மனிதர்களை இத்தொழில்கள் உருவாக்கி வைத்திருக்கின்றன. அந்தக் கண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அவர்களின் மனைவிமாரும் கணவன்மாரும் பிள்ளைகளுமே விடை சொல்லக்கூடும்.

தாதியரையும் மருத்துவரையும் பற்றிப் பேசும்போது 2009 ஐக் கடந்து செல்ல முடியாது. வன்னியில் இறுதிவரை நின்ற சுகாதாரப் பணியாளர்கள் தற்காலிக வைத்தியசாலைகளில், மருந்தும் மயக்க மருந்தும் அருகிய நிலையில், எவருக்கு முதலில் சிகிச்சை என்று நாழிகைக்கு நாழிகை தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய குடும்பங்களும் அதே நிலத்திலேதான் பதுங்கு குழிகளுக்குள் இருந்தன. அங்கிருந்த அரச மருத்துவர்கள் பின்னர் தடுத்து வைக்கப்பட்டு, 2009 ஜூலையில் கொழும்பில் ஊடகவியலாளர் முன் இருத்தப்பட்டு, தாம் முன்னர் சொன்ன இழப்புக் கணக்குகளை மறுத்துப் பேச நேர்ந்தது. கண்டதன் பாரம் ஒன்று. கண்டதைப் பற்றிய பேச்சும் தம் கையில் இல்லாத பாரம் இன்னொன்று. தனி மனிதரின் சகிப்புத்தன்மை இவ்வளவையும் தாங்கும் என்று எதிர்பார்க்க எவருக்கும் உரிமை இல்லை.

போர்க்காலத்துடன் இது முடிந்துவிட்டதும் அன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நீர்கொழும்பிலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் 260 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, சீயோன் தேவாலயத்துச் சிறுவர்களை ஏற்றது மட்டக்களப்பு வைத்தியசாலை. அதன்பின் பெருந்தொற்று. அதன்பின் 2022 இன் பொருளாதார வீழ்ச்சி. மருத்துவரும் தாதியரும் வெளிநாடுகளுக்குப் புறப்பட்டனர். போனவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இருப்பவர்கள் போனவரின் வேலையையும் செய்வதுடன், மருந்து இல்லை என்ற செய்தியை நோயாளிக்குச் சொல்லி, அதற்கான ஏச்சையும் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அரசாங்கத்தின் குறைக்கு அரசாங்கத்தின் முகமாக நிற்பது கருமபீடத்துக்குப் பின்னாலுள்ள சிற்றூழியரே.

இந்தப் பாரம் எல்லோர் தோளிலும் சமமாக விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாதி, ஆசிரியை, வரவேற்பாளர், வீட்டுப் பணிப்பெண் என்று இவ்வுழைப்பு செறிந்திருக்கும் தொழில்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. மத்திய கிழக்கில் பிறர் குழந்தையைத் தோளிலிட்டுத் தாலாட்டும் பெண்ணின் சொந்தக் குழந்தை இங்கே அம்மம்மாவிடம் வளர்கிறது. அந்தத் தாலாட்டில் உள்ள அன்பு பொய்யன்று. அந்த அன்புக்கு நேர அட்டவணை போட்டதுதான் கொடுமை. பெண்ணுக்கு இது இயல்பு, அவள் பொறுமைசாலி என்று புகழ்ந்துவிட்டால் அதற்கு ஊதியம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

தொழிலாளி ஒருவர் இவ்வாறு வற்றிப்போவதால் நட்டம் அவருக்கு மட்டுமன்று. கிறிஸ்ரினா மஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1981 இல் வகுத்த அளவுகோல், இத்தகைய தொழிற்களைப்புக்கு மூன்று முகங்கள் உண்டென்கிறது: மனம் வற்றிப்போதல், எதிரில் உள்ளவரை மனிதராகக் காணாத விறைப்பு, தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம். இரண்டாவது முகத்தை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்காமல் கட்டில் இலக்கம் சொல்லி அழைக்கும் தாதியிடம். கோப்பிலிருந்து தலை நிமிராத உத்தியோகத்தரிடம். இறந்தவர்களை எண்ணிக்கையாக மட்டும் எழுதும் செய்தியிலும். அவர்களுடைய திமிர் என்று நாம் கோபப்படுகிறோம். சிலவேளை அது திமிராகவும் இருக்கலாம். ஆனால் பலவேளைகளில் அது தழும்பு.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பது எனக்குத் தெரியும். என் தலைமுறையினரே எழுப்புவார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் கோடிட்ட பயிற்சிப் புத்தகத் தாளில் பத்திரிகை அச்சிட்டவர்கள் நாங்கள். சகாக்களைப் பறிகொடுத்த மறுநாளும் பத்திரிகையைக் கொண்டுவந்தவர்கள். அப்போதெல்லாம் மனநலம் என்று எவரும் பேசவில்லையே, தாங்கினோமே என்பார்கள். தாங்கியது உண்மை. அந்த உறுதியைக் குறைத்துப் பேச நான் யார்? ஆனால் தாங்கியவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து இந்த வாதம் கட்டப்படுகிறது. குடியில் விழுந்தவர்களை, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் தொழிலை விட்டுப் போனவர்களை, இரத்த அழுத்தத்தாலும் மாரடைப்பாலும் ஐம்பதைத் தாண்டாமல் போனவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களுடைய முடிவுக்கு வேறு பெயர்கள் கொடுத்துவிட்டோம். போரின் உளத்தாக்கத்தை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே ஆராய்ந்த பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் ஆங்கில நூல் 1998 இல் வெளிவந்தது. அறிவு இருந்தது. அதை அலுவலகத்துக்குள் கொண்டுவரும் மனம்தான் இருக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 இல் பிறந்தது. விரல் போனால் இவ்வளவு, கை போனால் இவ்வளவு என்று உழைப்புத் திறனின் இழப்பைச் சதவீதமாக வகுத்த அட்டவணை அதில் உண்டு. மனம் அந்த அட்டவணையில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில், தொழிற்களைப்பானது நோயாக அன்றி, சரிவரக் கையாளப்படாத வேலைத்தள நெருக்கீட்டின் விளைவாகவே பதிவாகியுள்ளது. சிலர் இதைக் குறையாகக் காண்கிறார்கள். எனக்கு அதுவே சரியென்று படுகிறது. பிழை ஊழியரின் மனத்தில் அன்று, வேலை அமைக்கப்பட்ட விதத்தில் என்று அது சொல்கிறது. அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநில நீதிமன்றம் ஒன்று 2019 பெப்ரவரியில் இதையே வேறு மொழியில் சொன்னது. கொலைச் செய்திகளை ஆண்டுக்கணக்கில் எழுதி மனம் பாதிக்கப்பட்ட பெண் செய்தியாளர் ஒருவருக்கு, மெல்பேர்ணின் 'த ஏஜ்' பத்திரிகை 180,000 டொலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தம் நிலையை அவர் அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தார். அதன் பின்னரும் குழந்தைக் கொலை வழக்கு ஒன்றை நீதிமன்றத்தில் இருந்து எழுதும் பொறுப்பு அவரிடம் சேர்ந்தது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஆண்டுக்கொரு தடவை ஒரு விடுதிக்கு அழைத்துச் சென்று, தியானம் பழக்கி, மனஅழுத்தத்தை வெல்வது எப்படி என்று விரிவுரை நிகழ்த்துவது இப்போது நாகரிகமாகியுள்ளது. தியானம் நல்லதுதான். ஆனால் மூட்டையைக் குறைக்காமல் முதுகைப் பலப்படுத்தச் சொல்லும் வைத்தியம் இது. றொபேர்ட் கராசெக் 1979 இலேயே காட்டியபடி, கடுமையான வேலை மட்டும் மனிதரை முறிப்பதில்லை. கடுமையான வேலையும் அதன்மீது தனக்கு எவ்வித அதிகாரமும் இல்லாமையும் சேரும்போதே முறிவு ஏற்படுகிறது. எனவே மாற்ற வேண்டியது வேலையின் அமைப்பை. மரணச் செய்திகளுக்கு எப்போதும் ஒரே நிருபரை அனுப்பாதிருக்கலாம். சுழற்சி முறை வைக்கலாம். இன்று என்னால் முடியாது என்று சொல்லும் உரிமையை, அது பதவி உயர்வைப் பாதிக்காது என்ற உறுதியுடன், கொடுக்கலாம். பிரதேச நிருபருக்கு மாதாந்தம் ஒரு நிலையான கொடுப்பனவு தரலாம். தகாத வார்த்தை பேசும் வாடிக்கையாளரின் அழைப்பைத் துண்டிக்க ஊழியருக்கு அனுமதி அளிக்கலாம். விடுதியில் ஒரு மரணம் நேர்ந்தால் அந்தத் தாதிக்குப் பத்து நிமிடம் வெளியே நிற்க மாற்றாள் ஒருவரை ஒழுங்குசெய்யலாம். தேசிய உளநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அறிவித்தல் பலகையில் எழுதி வைப்பதற்குச் செலவே இல்லை.

இவற்றுள் சிலவற்றுக்குப் பணம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அச்சுத்தாளின் விலையும் விளம்பர வருமானமும் எந்த நிலையில் உள்ளன என்பது எனக்குத் தெரியாததன்று. ஆனால் சுழற்சி முறைக்குப் பணம் வேண்டியதில்லை. "படம் கிடைச்சுதா?" என்பதற்கு முன்னர் "நீர் சாப்பிட்டீரா? இருந்து கொஞ்சம் ஆறும்" என்று சொல்வதற்கும் பணம் வேண்டியதில்லை.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. சுவிற்சர்லாந்திலும் பிரித்தானியாவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் உணவகங்களிலும் நம்மவர்கள் ஏராளமானோர் பணிபுரிகிறார்கள். தமக்குப் பழக்கமில்லாத மொழியில், தம் பெற்றோரின் வயதை ஒத்த அந்நியரின் கடைசி நாட்களைக் கவனித்துக்கொள்கிறார்கள். ஊரில் தம் பெற்றோரின் கடைசி நாட்களைக் கைத்தொலைபேசித் திரையில் பார்க்கிறார்கள். அந்த நாடுகளில் தொழிற்சங்கங்கள் உண்டு, வேலைத்தள உளநலச் சேவைகள் உண்டு. அவற்றை நம்மவர் பயன்படுத்தத் தயங்குவது 'விசர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பயந்து. அந்தச் சொல்லின் பயத்தை நீக்க வேண்டியது அரசாங்கமோ நிறுவனமோ அன்று, நாம்தான்.

இங்குள்ள பத்திரிகை நிறுவனங்கள், வைத்தியசாலைகள், வங்கிகளின் தொழிற்சங்கங்கள் அடுத்த முறை சம்பளக் கோரிக்கையை எழுதும்போது, மேலதிக நேரக் கொடுப்பனவுக்குக் கீழே இன்னொரு வரியையும் எழுத வேண்டும் என்பதே எனது கோரிக்கை. எங்கள் ஊழியர்கள் பிறர் துயரத்தைச் சுமக்கிறார்கள். அந்தச் சுமைக்கு ஓய்வும் மாற்றாளும் வேண்டும் என்று. முதல் தடவை நிர்வாகம் சிரிக்கக்கூடும். எட்டு மணிநேர வேலை கேட்டபோதும் சிரித்தார்கள்.